"இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போற?"

நாற்பதை நெருங்கும் வயதில் பட்டம் வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்டுப் புளித்த கேள்வி இது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பட்டமளிப்புப் படத்துக்கு முதல் ஆளாக வாழ்த்துச் சொல்வதும் அவர்கள்தான். ஆனால் படித்த படிப்புக்கு ஏற்ற, மனதுக்குப் பிடித்த வேலை வேண்டும் என்று பேச்செடுத்தால் முகம் மாறிவிடும். படித்ததே பெருமைதானே, இருக்கிற வேலையை விட்டுவிடாதே என்பார்கள். இருக்கிற வேலை எது, அது யாருக்கு எப்படி வந்தது என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

என் அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டு, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் ஆன பிறகு தொலைதூரக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்து 38 வயதில் முடித்தார். அதே மருத்துவமனையில் நோயாளிகள் பதிவேட்டுப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தார். "நீங்க ஹவுஸ்கீப்பிங் ஆளாச்சே" என்றார் மேலாளர். பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், மருத்துவமனையின் ஆள் இல்லை என்பது விதிப்படியான விளக்கம். வெளியிலிருந்து, அதே மாதிரி ஒரு தொலைதூரப் பட்டத்தோடு வந்தவருக்கு அந்த வேலை கிடைத்தது. அக்கா இன்றும் அந்த அறையைப் பெருக்குகிறார்.

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில், சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைக்கிறது என்றார் அண்ணல் அம்பேத்கர். இந்த வாதம் நமக்கு மனப்பாடம். அதைத் தொடர்ந்து அவர் சொன்னதை நாம் அதிகம் பேசுவதில்லை. பிறப்பால் தலையில் கட்டப்பட்ட தொழிலில் மனிதரின் மனமும் அறிவும் ஈடுபடாது, அப்படியிருக்க அதில் திறமை எங்கிருந்து வரும் என்று கேட்டார். மனநிறைவான வேலை என்பது நடுத்தர வர்க்கத்துச் சொகுசு என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்வதுண்டு. அம்பேத்கரோ அதைச் சாதி மீதான பொருளாதார விமர்சனத்தின் நடுவில் வைத்தார்.

2019இல் கோவை மாநகராட்சியின் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஏறத்தாழ 7,000 பேர் விண்ணப்பித்தபோது, அதில் பொறியாளர்களும் பட்டதாரிகளும் இருந்தது செய்தியானது. நாடே அதிர்ச்சியடைந்தது. பட்டதாரி துடைப்பம் தூக்க வந்தால் செய்தி. துடைப்பம் தூக்கியவர் பட்டதாரியான பிறகும் அதைக் கீழே வைக்க முடியவில்லை என்பது ஏன் செய்தியாவதில்லை?

அரசும் தன் பங்குக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் பட்டம் பெறலாம் என்று சொல்லித்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் பெற்ற அந்தப் பட்டங்கள் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009இல் அரசாணை 107 வந்தது. பள்ளியிலிருந்து யார் பாதியில் வெளியேற்றப்படுகிறார்கள் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வறுமையால் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர் நாற்பது வயதில் தேர்வு எழுதித் தேறினாலும், அந்தப் பதினான்கு வயதுக்காகத் தண்டனை அனுபவிக்க வேண்டும்!

தகுதி என்று பேசுகிறவர்கள் இங்கே ஏன் வாயைத் திறப்பதில்லை? பகலெல்லாம் உழைத்து, இரவில் படித்துத் தேர்ச்சி பெற்றதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

துப்புரவுப் பணியாளர்களின் போராட்டங்களில் பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் முதன்மையாக இருப்பது நியாயம், வயிறு முதலில். ஆனால் நிரந்தரம் மட்டும் போதுமென்றால், அதே துடைப்பத்தை ஓய்வு பெறும் வரை உறுதிசெய்து கேட்பதாகத்தான் முடியும். பணியில் இருக்கும்போது பட்டம் முடித்தவருக்கு எழுத்தர், மேற்பார்வையாளர், பதிவேட்டுப் பணியிடங்களில் முன்னுரிமை வேண்டும். தேர்வு நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இவை பொருந்த வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தோழர்கள் இவற்றையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதிக்கொண்டு போகட்டும்.