திணைவழுவும் தரவினமும்

நம் கல்லூரியில் கணினி அறிவியல் சேரும் தமிழ்வழி மாணவர் பலர் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். மேனிலைப் பாடநூலில் மாறி, தரவினம் என்ற சொற்களைக் கற்றுத்தான் வருகிறார்கள். வந்த முதல் வாரமே அச்சொற்களை இழந்து, 'வேரியபிள்', 'டேட்டா டைப்' என்னும் ஒலிகளை மனனம் செய்யத் தொடங்குகிறார்கள்.

அப்படியொரு மாணவன் சென்ற பருவத்தில் நம்மிடம் வந்தான். காலையில் கட்டிய பெட்டி 25, மாலையில் கட்டியது 25. மொத்தம் கேட்டால் பைத்தான் நிரல் 2525 என்கிறது. "ஐயா, கம்ப்யூட்டர் தப்பாக் கூட்டுது" என்றான். தமிழாசிரியராகிய நமக்கு விடை உடனே புரிந்தது. அது கூட்டவில்லை, புணர்த்தியிருக்கிறது! விசைப்பலகையில் தட்டியதைப் பைத்தான் சரமாகவே வாங்கிக்கொள்ளும். சரங்களுக்கிடையே கூட்டற்குறி இட்டால் நிகழ்வது இயல்புப் புணர்ச்சி. (விகாரப் புணர்ச்சி அதற்குத் தெரியாது. பிழைத்தோம்.)

தரவினம் என்பது புதுச்சரக்கு அன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டோடுதான் தொடங்குகிறது. எப்பெயரோடு எவ்வினை முடியும் என்பதே அங்கும் கேள்வி. 'மாடு வந்தான்' என்பது திணைவழு. 25 என்ற எண்ணோடு "25" என்ற சரத்தைக் கூட்டச் சொன்னால் பைத்தான் வழுவென்று நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டோ எண்ணையும் சரமாக்கி ஒட்டிவிடும். பசுவை 'அம்மை வந்தாள்' என்பதை இலக்கணம் ஏற்றுக்கொள்கிறதே, அந்த வழுவமைதிதான். நன்னூல் படித்தவனுக்கு இதை ஐந்து நிமிடத்தில் விளக்கலாம்.

அப்படியிருக்க, தமிழில் நிரல்மொழி என்றதும் நகைப்பவர்களை என்னென்பது? முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' பற்றிய ஆய்வுக்கட்டுரை 2009-இலேயே வெளிவந்துவிட்டது. பைத்தானின் மேல் கட்டப்பட்ட மொழி அது. 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும். நிபந்தனையை முன்வைத்து 'ஆனால்' என்ற சொல்லைப் பின்வைக்கிறது. தமிழ்த் தொடரமைப்பும் அதுதானே. இன்றைய மாணவன் அச்சொல்லை முதலில் எதிர்மறை இணைப்பாகவே வாசிப்பான் என்பது நம் சிறு குறை.

நைஜீரியாவின் யொரூபா மொழியை ஒட்டி எழுந்த 'யோர்லாங்'கில் 'ஜே கி' என்று தொடங்கித்தான் மாறிக்கு மதிப்பிடுகிறார்கள். 'ஆகுக' என்பது போன்ற பொருள். எழிலில் அத்தகைய முன்னுரை கிடையாது. பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவே. பெயருக்கு இனமில்லை, மதிப்புக்குத்தான் இனம். சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது எளிது. பெயர் என்பது அச்சகத்திலிருந்து வரும் லேபிள். கம்பி மத்தாப்பில் ஒட்டியதை உரித்துச் சங்குசக்கரத்தில் ஒட்டலாம். சி பிளஸ் பிளஸ்ஸில் அவ்வாறு இயலாது. அங்கே மாறி என்பது மத்தாப்புக்கென்றே அளவெடுத்துச் செய்த பெட்டி.

எழில் கற்றால் வேலை கிடைக்குமா என்பார்கள். கிடைக்காது. வேலைக்கான மொழியாக அதை நாம் பரிந்துரைக்கவும் இல்லை. முதல் மூன்று வாரம், இனம் என்றால் என்ன என்பது தன் மொழியில் விளங்கும்வரை, அது போதும். பிறகு பைத்தானுக்குப் போகட்டும். அங்கும் தமிழை முற்றாக விடவேண்டியதில்லை. 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம்.

அம்மாணவன் அப்படித்தான் செய்தான். காலைப்பெட்டி, மாலைப்பெட்டி என்று பெயரிட்டு, இரண்டையும் முழுஎண்ணாக மாற்றிக் கூட்டினான். 50 வந்தது. செய்முறைத் தேர்வுக்கு முன் அப்பெயர்களை 'ஏ', 'பி' என்று ஆங்கில எழுத்தில் மாற்றச் சொல்லிவிட்டார்களாம்.