கத்தரிக்காயை விடுங்கள், கடை வாசல் கிழங்கைப் பாருங்கள்

சோனகத்தெரு உறவுகளே,

கத்தரிக்காய், தக்காளி நஞ்சாம், மூட்டு வாதத்தைக் கூட்டுமாம் என்று வட்ஸ்அப்பில் வருவதை வாசித்துவிட்டுப் பலர் கறியில் கத்தரிக்காயை ஒதுக்குகிறார்கள். அதே ஆட்கள்தான் வெயிலில் கிடந்து பச்சை படிந்த உருளைக்கிழங்கை "மலிவு" என்று வாங்கிப் போகிறார்கள்.

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டங்காய், தூதுவளை எல்லாம் ஒரே குடும்பம். ஊமத்தையும் அதே குடும்பம்தான். அதற்காக எல்லாம் நஞ்சாகிவிடுமா? தக்காளியின் சிவப்பான லைக்கோபீன், எண்ணெய் விட்டுச் சமைத்தால் உடலில் இன்னும் நன்றாகச் சேரும். பச்சை மிளகாயில் விற்றமின் சி நிறைய இருக்கிறது. இவை மூட்டு வாதத்தைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒத்துக்கொள்ளாதவர் மட்டும் தவிர்க்கட்டும்.

பயப்பட வேண்டியது வேறு. வெளிச்சம் பட்ட கிழங்கில் சொலனின் என்ற நஞ்சு கூடும். பச்சை நிறம் வெறும் பச்சையம்தான், ஆனால் அது எச்சரிக்கை. அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு பெரும்பாலும் அழியாது. 1969இல் லண்டன் பாடசாலை ஒன்றில் பழைய கிழங்கைச் சாப்பிட்ட 78 மாணவர்கள் வாந்தி, வயிற்றோட்டத்தால் அவதிப்பட்டார்கள். 17 பேர் வைத்தியசாலைக்குப் போனார்கள். எல்லோரும் குணமடைந்தார்கள். எங்கள் பிள்ளைகளை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

உரும்பிராய், குப்பிழான் தோட்டக்காரர் கிழங்குக்கு மண் அணைப்பது ஏன்? வெயில் படக்கூடாது என்றும்தான். அவர் மாதக்கணக்கில் மண்ணுக்குள் காத்ததை, சில கடைக்காரர் வாசலில் பரப்பிச் சில நாளில் பழுதாக்குகிறார்கள். பிறகு அந்தச் சாக்கு மலிவு விலையில் எங்கே போகிறது? நோன்பு காலத்துக் கட்லட்டுக்கும் றோல்ஸுக்கும், பாடசாலை வாசல் சிற்றுண்டிக்கும்தானே? பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று சிறுவயதிலேயே படித்த சமூகம் நாங்கள்.

முதலாளிமாரே, கிழங்கை உள்ளே இருட்டில் வையுங்கள், சாக்கால் மூடுங்கள். பச்சை படிந்ததை விலை குறைத்து விற்காதீர்கள், எறியுங்கள். சிற்றுண்டி செய்பவர்களே, மலிவுச் சாக்கைத் திருப்பி அனுப்புங்கள். தாய்மாரே, சிறிது பச்சை என்றால் தோலோடு ஆழமாகச் செதுக்குங்கள், முளைக் கண்களைத் தோண்டி எடுங்கள். நிறையப் பச்சை என்றாலோ கசந்தாலோ வீசிவிடுங்கள். பிள்ளை "கசக்குது" என்றால் அதட்டி ஊட்டாதீர்கள்.

அடுத்த முறை வட்ஸ்அப்பில் எதையாவது பகிர விரும்பினால், இதைப் பகிருங்கள்.