நாற்காலியில் யார்?

பி.காம். படித்தவனுக்கு ஷேக்ஸ்பியரோடு என்ன சகவாசம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் படித்தபோது பார்ட் டூ இங்கிலீஷ் என்று ஒரு பேப்பர் இருந்தது. டெபிட், கிரெடிட்டுக்கு நடுவே வாரத்தில் ஒரு மணி நேரம் எங்களை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப் போவார்கள். 'மாக்பெத்' முழு நாடகம் இல்லை. ஒரே ஒரு சீன். மூன்றாவது அங்கம், நான்காவது காட்சி. விருந்து நடக்கும். செத்துப்போனவன் வந்து உட்காருவான்.

பரீட்சைக் கேள்வியும் ஒன்றே ஒன்றுதான். 'பாங்க்வோவின் ஆவி நிஜமா, மனப்பிரமையா? விவாதிக்க.' நோட்ஸ் போட்ட மகானுபாவர் இரண்டு கட்சிக்கும் நாலு நாலு பாயின்ட் கொடுத்து, 'ஆக, இரு கருத்துகளும் ஏற்புடையவையே' என்று முடித்திருந்தார். கிட்டத்தட்ட பட்டிமன்றத் தீர்ப்பு. நானும் அப்படியே எழுதி பாஸ் பண்ணிவிட்டேன்.

போன மாதம் ஒரு மழை நாளில் அந்த சீனை மறுபடி படித்தேன். பேய் என்னை பயமுறுத்தவில்லை. வேறு ஒன்று பயமுறுத்தியது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

முதலில் கதை, தெரியாதவர்களுக்காக. மாக்பெத் ஒரு தளபதி. போர் முடிந்து நண்பன் பாங்க்வோவுடன் திரும்பும்போது மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்படுகிறார்கள். 'நீ ராஜா ஆவாய்' என்று இவனுக்கும், 'உன் வம்சத்தில் ராஜாக்கள் வருவார்கள்' என்று பாங்க்வோவுக்கும் ஜோசியம் சொல்கிறார்கள். ராஜா டங்கன் இவன் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறார். பெண்டாட்டி தைரியம் சொல்ல, தூங்குகிறவரைக் குத்திக் கொன்றுவிட்டு மாக்பெத் ராஜா ஆகிறான். ஆனால் பாங்க்வோவுக்கு லேசான சந்தேகம். தவிர, அந்த வம்ச ஜோசியம் வேறு உறுத்துகிறது. பாங்க்வோவையும் அவன் மகனையும் தீர்த்துக்கட்ட ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, அன்று ராத்திரியே அரண்மனையில் விருந்து வைக்கிறான்.

இதில் ஒரு சின்ன விஷயம். அன்று பகலில் மாக்பெத் பாங்க்வோவிடம், விருந்துக்குக் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறான். வராமல் இருக்கமாட்டேன் என்று அவனும் வாக்குக் கொடுக்கிறான். சொன்ன சொல் தவறாத மனிதன். தலையில் இருபது வெட்டு வாங்கிப் பள்ளத்தில் கிடந்த பிறகும் கரெக்டாக வந்துவிட்டான் பாருங்கள்!

வந்தவன் எங்கே உட்காருகிறான் தெரியுமா? மாக்பெத்தின் நாற்காலியில். 1623-ல் அச்சான முதல் ஃபோலியோவிலேயே மேடைக் குறிப்பு இப்படித்தான் இருக்கிறது. எல்லோரும் ராஜாவை உட்காரச் சொல்கிறார்கள். 'இடம் இல்லையே' என்கிறான் ராஜா. மற்றவர்கள் கண்ணுக்குக் காலி நாற்காலி. இவன் கண்ணுக்கு மட்டும் ரத்தம் தோய்ந்த தலை.

இந்த விருந்துப் பேய் ஷேக்ஸ்பியரின் சொந்தச் சரக்கு. அவர் கதை எடுத்த இடம் ஹாலின்ஷெட் என்பவரின் சரித்திரப் புத்தகம். அதில் பாங்க்வோ விருந்தை நன்றாகச் சாப்பிட்டு முடித்து, இருப்பிடம் திரும்பும்போதுதான் கொல்லப்படுகிறான். பேயே கிடையாது. ஷேக்ஸ்பியர் கொலையை விருந்துக்கு முன்னால் நகர்த்தினார். பந்தியில் ஒரு இடம் காலியாக வேண்டுமே!

இன்னொரு மாறுதலும் செய்தார். ஹாலின்ஷெட்டில் டங்கன் கொலைக்கு பாங்க்வோவும் உடந்தை. நாடகத்தில் அவன் நல்லவன். காரணம் இலக்கியம் மட்டும் இல்லை. நாடகம் எழுதப்பட்டது சுமார் 1606-ல். அப்போதைய இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். தன் முன்னோர் பாங்க்வோதான் என்று சொல்லிக்கொண்ட குடும்பம். முதலாளியின் முப்பாட்டனைக் கொலைகாரன் என்று எழுத எந்த எழுத்தாளனுக்குத் துணிச்சல் வரும்? போதாததற்கு ஜேம்ஸ் பேய், சூனியம் பற்றி 1597-ல் ஒரு புத்தகமே போட்டவர். ஆக, அன்றைய ஆடியன்ஸுக்கு பேய் என்பது சிரிக்கிற சமாசாரம் இல்லை.

அப்படியானால் மேடையில் பேயைக் காட்ட வேண்டுமா, கூடாதா? இந்தச் சண்டை இருநூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. 1611-ல் குளோப் தியேட்டரில் நாடகம் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற ஜோசியர், மாக்பெத் பாங்க்வோவை நினைத்துக் குடிக்க எழுந்தபோது பேய் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். அதாவது அன்றைக்கு நிஜமாகவே ஒரு நடிகர் வந்து உட்கார்ந்தார். 1794-ல் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் ஜான் ஃபிலிப் கெம்பிள் அதை எடுத்துவிட்டு, வெறும் நாற்காலியைப் பார்த்துக் கத்தினார். 1976-ல் ட்ரெவர் நன் இயக்கத்தில் இயன் மெக்கெல்லனும் அப்படியே. ஜப்பானில் குரோசாவா 1957-ல் எடுத்த 'த்ரோன் ஆஃப் ப்ளட்' படத்தில் பேய் வெளுத்த முகத்தோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். 2007-ல் ரூபர்ட் கூல்ட் என்ற டைரக்டர் செய்ததுதான் அமர்க்களம். இடைவேளைக்கு முன்னால் விருந்தைப் பேயோடு காட்டினார். இடைவேளைக்குப் பின்னால் அதே விருந்தை மறுபடி, பேய் இல்லாமல், விருந்தாளிகள் பார்த்தபடி காட்டினார். நம்ம நோட்ஸ்காரர் மாதிரியே இரண்டு கட்சிக்கும் மார்க்!

என்னைக் கேட்டால், அது நிஜப் பேயா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எப்போது வருகிறது என்று பாருங்கள்.

கொலைகாரன் முகத்தில் ரத்தத்தோடு கதவருகே வந்து 'ஒருத்தன் காலி, பையன் தப்பித்துவிட்டான்' என்று ரிப்போர்ட் கொடுக்கிறான். அப்போது மாக்பெத்துக்குக் கவலைதான் வருகிறது, அதுவும் தப்பித்த பையனைப் பற்றி. பேய் வரவில்லை. பிறகு சபையைப் பார்த்து, நம் பாங்க்வோவும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிற தோரணையில் பேசுகிறான் பாருங்கள், அந்தப் பேச்சை ஒட்டித்தான் வருகிறது. போய்விடுகிறது. கொஞ்சம் தெளிந்ததும் ஆசாமி திருந்தினானா? கோப்பையைத் தூக்கி, இங்கே இல்லாத அருமை நண்பன் பாங்க்வோவுக்காக என்று மறுபடி ஆரம்பிக்கிறான். மறுபடி ஆஜர்!

கொலைக்கு வராத பேய் பொய்க்கு வருகிறது. அதுவும் நாசூக்கான, நாலு பேர் தலையாட்டும் பொய்க்கு.

அடுத்தது இன்னும் முக்கியம். பேயைப் பார்த்ததும் மாக்பெத் செய்கிற முதல் வாதம், அதை நான் செய்ததாக நீ சொல்லமுடியாது என்பது. டெக்னிக்கலாக உண்மை. டங்கனைத்தான் இவன் கையால் குத்தினான். பாங்க்வோ விஷயத்தில் இவன் கை சுத்தம். வேலை செய்தது கூலி ஆட்கள். ஆனால் கவனியுங்கள், அந்த சீன் முழுக்கப் பேய் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறது. குற்றம் சாட்டாதவனிடம் 'நான் இல்லை' என்று பதில் சொல்கிறான். யாரும் கேட்காத கேள்விக்கு ஒருத்தன் பதில் சொன்னால், கேட்டது யார்?

இங்கேதான் எனக்குக் கை நடுங்கியது. காரணம் சொல்கிறேன்.

முன்பு ஒரு ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது. பாஸ் பண்ணியது நான். மாசக் கடைசியில் மாட்டிக்கொண்டது. மேனேஜர் கூப்பிட்டு, "யார் பார்த்த ஃபைல் இது?" என்றார். "அந்த வாரம் சீனியர் சார் டேபிள்லதான் இருந்துது சார்" என்றேன். சத்தியமான உண்மை. ஃபைல் அவர் டேபிளில்தான் இருந்தது. பில்லை நான் பாஸ் பண்ணினதற்குப் பிறகு. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீனியருக்கு ஒரு மெமோ, அப்புறம் தூரத்து பிராஞ்சுக்கு மாற்றல். பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்ததால் குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸில் ஆயுத பூஜை. பொட்டுக்கடலை, பொரி, அப்புறம் சாப்பாடு. பந்தியில் நான் சத்தமாக, "சீனியர் சார் இருந்திருந்தா இன்னும் களை கட்டியிருக்கும்ல!" என்றேன். எல்லோரும் 'ஆமாம்' என்றார்கள். சாம்பார் வாளியோடு நின்ற அட்டெண்டர் என்னையே பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே" என்றேன்.

அவர் கொஞ்சம் குழம்பிப்போய், "இல்ல தம்பி, சாம்பார் ஊத்தட்டுமான்னுதான் பாத்தேன்" என்றார்.

காமர்ஸ்காரர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் தெரிந்திருக்கும். டிரையல் பாலன்ஸ் டேலி ஆகாதபோது, வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அந்தக் கணக்கில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிடலாம். ஏடு பார்க்க அழகாக இருக்கும். தப்பு எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்துகிற வரைக்கும் அந்தத் தொகை அங்கேயே உட்கார்ந்திருக்கும். மாக்பெத் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அதுதான் என்பது என் கட்சி. பேயா பிரமையா என்பது கணக்குக்கு நீங்கள் வைக்கிற பெயர். தொகை ஒன்றேதான்.

லேடி மாக்பெத் என்ன செய்கிறாள்? பேய் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்ப்பது வெறும் முக்காலி என்று புருஷனை அதட்டுகிறாள். வந்தவர்களிடம், சின்ன வயசிலிருந்தே இவருக்கு இப்படி வரும், கண்டுகொள்ளாதீர்கள் என்று சமாளிக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் அவள் கணக்கும் நிலுவையில்தான் இருந்திருக்கிறது. ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் எழுந்து நடந்து, கையில் இல்லாத ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். பார்த்த டாக்டர் இது தன்னால் ஆகாது, இவளுக்குத் தேவை பாதிரியார் என்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் மேடையில் ஒன்றாக வருவது இந்த விருந்து சீனோடு சரி. பிறகு ஒரு தடவைகூட இல்லை.

இனி, என்னை பயமுறுத்திய விஷயம். விருந்தாளிகள் போன பிறகு இருவரும் தனியாக இருக்கிறார்கள். ரத்தத்தில் பாதி தூரம் வந்தாயிற்று, திரும்பிப் போவதும் அக்கரைக்குப் போவதும் ஒரே சிரமம்தான் என்று மாக்பெத் கணக்குப் போடுகிறான். காட்சியின் கடைசியில், இந்த பயமெல்லாம் அனுபவம் போதாததால் வருவது, நாம் இந்த வேலைக்குப் புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறான். புது வேலையில் சேர்ந்தவன் பேசுகிற பேச்சு!

பழகியும் விடுகிறது. அடுத்து மேக்டஃப் வீட்டுப் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரையும் கொல்ல ஆள் அனுப்புகிறான். அவர்கள் யாரும் வந்து இவன் நாற்காலியில் உட்காரவில்லை. ஐந்தாம் அங்கத்தில் அந்தப்புரத்தில் பெண்கள் அலறும் சத்தம் கேட்கிறது. பயம் என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது என்கிறான். மனைவி செத்துப்போன செய்தி வருகிறது. சரியாக அழக்கூட வரவில்லை.

விருந்துக்கு வந்த அந்தப் பேய், மாக்பெத்தை இன்னும் மனுஷனாக மதித்து வந்த கடைசி விருந்தாளி என்று தோன்றுகிறது. வந்தது கெடுதல் இல்லை. அப்புறம் யாருமே வராமல் போனதுதான் நாசம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எனக்கு அந்த சாம்பார் வாளி ஞாபகம் வரும். பொரி தொண்டையில் இறங்காது. போன வருஷம் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை பாயசம் வாங்கினேன். அந்த முகம் ஞாபகத்துக்கே வரவில்லை. இந்த சீனைப் படிக்கும்போதுதான் அது உறைத்தது. எனக்கும் பழகிவிட்டது!

சீனியர் இப்போது ரிடையர் ஆகிவிட்டார். பழைய ஆபீஸ் நண்பனைப் பிடித்து அட்ரஸ் வாங்கினேன். 'அந்த பில்லைப் பாஸ் பண்ணியது நான்தான் சார்' என்பது முதல் வரி. இரண்டாவது வரியை நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டு அதை முடித்து தபாலில் சேர்க்க வேண்டும். மன்னிப்பாரா, கிழித்துப் போடுவாரா தெரியாது. அது அவர் உரிமை.

ஒன்று மட்டும் நிச்சயம். நேற்றிலிருந்து ராத்திரி எழுத உட்காரும்போது எதிர் நாற்காலியை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கத் தோன்றுகிறதே, அதில் ஒரு சின்ன நிம்மதி.