பருப்பு வேகாத தண்ணீரில் ராம் மீன் குஞ்சு பொரிக்குமா?

“வீட்டில் இரண்டடி கண்ணாடித் தொட்டியில் ஒரு ஜோடி ‘புளூ ராம்’ சிக்லிட் மீன் வளர்க்கிறோம். இதுவரை மூன்று முறை முட்டை வைத்துவிட்டது. முதல் இரண்டு முறையும் மறுநாளே முட்டையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. மூன்றாவது முறை காலையில் பார்த்தால் கல்லில் ஒன்றுமே இல்லை. ஆண் மீனை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். இது சரியாக வந்தால், மகளிர் குழுவில் கடன் வாங்கி, காலியாகக் கிடக்கும் மாட்டுக் கொட்டகையில் 10 தொட்டி போடலாம் என்று இருக்கிறோம். போர் தண்ணீர்தான். டி.டி.எஸ் 1,100, கார அமிலநிலை 7.9. செய்யலாமா?”

- தாராபுரம் பகுதி வாசகி (பெயர் வெளியிட விரும்பவில்லை)

கடனுக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த மீனை நம்பி, இந்தத் தண்ணீரில், இப்போது கடன் வாங்க வேண்டாம். மீன் வளர்ப்பே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வாசகியின் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. தண்ணீரைச் சோதித்து, அளவையும் எழுதி அனுப்பியிருக்கிறாரே, அங்கேதான் சிக்கல்.

சிக்லிட் என்றதும் ஏதோ புதிய வகை என்று நினைக்க வேண்டியதில்லை. 1952-ல் இந்தியாவுக்கு வந்து, இன்று ஏரி, குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். கேரளத்துக் கரிமீனும் அதே குடும்பம். முட்டையையும் குஞ்சையும் பெற்றோரே காவல் காப்பது இந்தக் குடும்பத்தின் குணம். ஜிலேபி வாயில் வைத்துக் காக்கும். ராம் மீன் கல்லின் மேல் முட்டையை ஒட்டி, ஆணும் பெண்ணும் முறைபோட்டு விசிறிக் காக்கும். இரண்டங்குல மீன் கையை முட்ட வருவதைப் பார்த்தவர்களுக்கு, இதை ஏன் இவ்வளவு பேர் விரும்பி வளர்க்கிறார்கள் என்பது புரியும்.

ராம் மீனின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. வெனிசுலா, கொலம்பியா நாடுகளில் ஒரினோகோ ஆற்றுப்படுகையின் புல்வெளி ஓடைகளில் வாழ்கிறது. 1948-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, மீனைப் பிடித்துக் கொடுத்த ரமிரெஸ் என்பவரின் பெயரைச் சேர்த்தார்கள். அதைச் சுருக்கித்தான் ‘ராம்’ என்கிறார்கள். அந்த ஓடைகளின் தண்ணீர் வெதுவெதுப்பானது, உப்பு மிகக் குறைந்தது, சற்றே அமிலத்தன்மை கொண்டது. இலைச் சருகு ஊறிய பழுப்பு நிறத் தண்ணீர். தாராபுரம் போர் தண்ணீர் இதற்கு நேர் எதிர்.

வளர்ந்த மீன் கடின நீரைப் பொறுத்துக்கொள்ளும். பண்ணையில் பிறந்த மீன் என்றால் நன்றாகவே சாப்பிட்டு, நிறம் கட்டி, முட்டையும் வைக்கும். அதனால்தான் தண்ணீர்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால், முட்டை பொறுத்துக்கொள்ளாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் முட்டை சரியாகக் கருக்கட்டுவதில்லை. கருக்கட்டினாலும் குஞ்சு வெளியே வருவது சிரமம். பருப்பு வேகாத, சொம்பில் வெள்ளை படிகிற தண்ணீர் என்றால், அதில் ராம் முட்டை பொரிப்பதை எதிர்பார்க்காமல் இருப்பதே நல்லது.

முட்டை கெட்ட விதத்தை வைத்தே காரணத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். நல்ல முட்டை தேன் நிறத்தில், கண்ணாடிபோல் இருக்கும். நூறு, இருநூறு முட்டையில் பத்து, இருபது வெள்ளையாவது இயல்பு. ஒரே நாளில் மொத்தமும் வெள்ளையானால் முட்டை கருக்கட்டவில்லை என்று பொருள். தண்ணீர் காரணமாக இருக்கலாம், ஆண் காரணமாகவும் இருக்கலாம். சில சமயம் ஆணே இருக்காது. இரண்டு பெண் மீன்கள் ஜோடி சேர்ந்து முட்டை வைப்பதும் உண்டு. பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பாக இருக்கும். உடல் நடுவில் உள்ள கறுப்புப் புள்ளிக்குள் நீலப் பொட்டுகள் மினுங்கும். ஆணுக்கு அந்தப் புள்ளி தெளிந்த கறுப்பு. முதுகுத் துடுப்பின் முன்முள் நீளமாக இருப்பதை வைத்து ஆண் என்பார்கள். பண்ணை மீன்களில் அதை நம்ப முடியாது. கடைக்கு வரும் மீன்களில் நிறத்துக்காக ஹார்மோன் கொடுத்து வளர்த்தவையும் கலந்திருக்கலாம். அவற்றில் மலடு இருக்க வாய்ப்புண்டு. ஆகவே, கடைக்காரர் சொன்னதைத் தப்பு என்று தள்ள முடியாது. ஆனால், தண்ணீரைச் சரிசெய்யாமல் எத்தனை ஆண் மீனை மாற்றினாலும் எது குறை என்று தெரியப்போவதில்லை.

மூன்றாவது முறை முட்டை காணாமல் போனது வேறு கதை. இளம் ஜோடிகள் முதல் சில ஈட்டில் முட்டையைத் தின்றுவிடும். இரவில் திடீரென்று விளக்கை அணைப்பது, தொட்டிப் பக்கம் ஆள் நடமாட்டம், கூடவே வேறு மீன் இருப்பது எல்லாம் மிரட்சியைக் கொடுக்கும். கருக்கட்டாத முட்டையை அவையே தின்று சுத்தம் செய்வதும் உண்டு. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 28 டிகிரி வெப்பத்தில் இரண்டு, மூன்று நாளில் முட்டை பொரிந்துவிடும். உடனே பெற்றோர் அந்தக் குஞ்சுகளை வாயால் கவ்வி, மணலில் தோண்டிய குழிக்குள் கொண்டுபோய் வைக்கும். கல் காலியாக இருக்கிறதே என்று தொட்டியைக் கழுவிவிட்டு, குஞ்சுகளையும் சேர்த்து வாய்க்காலில் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரமாவது பொறுத்து, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் தொட்டியில் கை வைக்கக் கூடாது.

இருக்கும் ஜோடிக்கு ஒரு நல்ல வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு மழைநீர் போதும். தமிழ்நாட்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கான்கிரீட் அல்லது ஓட்டுக் கூரையில் விழும் மழையில் முதல் பத்து, பதினைந்து நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டு, அதன்பிறகு வருவதை டிரம்மில் பிடிக்கலாம். துத்தநாகத் தகரக் கூரைத் தண்ணீர் ஆகாது. துத்தநாகம் மீனுக்கு விஷம். பக்கத்து வயலில் மருந்து அடித்த வாரத்தில் பிடித்த தண்ணீரும் வேண்டாம்.

மழைநீரை மட்டும் ஊற்றவும் கூடாது. அதில் உப்பே இல்லாததால் கார அமிலநிலை நிலையாக நிற்காது, திடீரென்று சரிந்துவிடும். 7 பங்கு மழைநீரும் 1 பங்கு போர் தண்ணீரும் கலந்தால் டி.டி.எஸ் 1,100 என்பது ஏறத்தாழ 150-க்கு இறங்கும். 50 லிட்டர் தொட்டிக்கு 6 லிட்டர் போர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். இதையும் ஒரே நாளில் மாற்றினால் மீன் அதிர்ந்து போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து லிட்டர் எடுத்து ஐந்து லிட்டர் ஊற்றி, சில வாரங்களில் மெதுவாக மாற்ற வேண்டும். நாட்டு வாதுமை மரத்தடியில் தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றிரண்டைக் கழுவித் தொட்டியில் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். கார அமிலநிலை சற்றே குறையும், முட்டையில் பூஞ்சணமும் குறையும். கடையில் பாக்கெட் போட்டு விற்கும் இலை இதுதான். பள்ளிக்கூட வாசல் மரத்தில் சும்மா கிடைக்கும்.

வெப்பம் 28 முதல் 29 டிகிரி. மார்கழி இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. காற்றுக் குமிழியில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். வேகமாக இழுக்கும் மோட்டார் ஃபில்டர் குஞ்சுகளையும் சேர்த்து இழுத்துவிடும். அடியில் மெல்லிய ஆற்று மணல், ஒரு தட்டைக் கல், ஒளிந்துகொள்ளச் சில செடிகள். இரவில் மங்கலாக ஒரு சிறு விளக்கு எரிந்தால் முட்டையை விட்டு ஓடாது.

இவ்வளவு செய்தும் முழு ஈடும் வெள்ளையானால் ஆணை மாற்றலாம். அப்போதும் ஒற்றை மீனாக வாங்காமல், ஆறு குஞ்சாக வாங்கி வளர்த்து, அவையே ஜோடி சேர விடுவதுதான் நல்லது. ராமுக்கு ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுதான். கடையில் முழு நிறத்தோடு நிற்கும் மீன் பாதி வயதைத் தாண்டியிருக்கலாம்.

பொரித்த குஞ்சு நான்கைந்து நாளில் நீந்தத் தொடங்கும். அன்றுதான் உண்மையான வேலை ஆரம்பம். ராம் குஞ்சின் வாய் மிகச் சிறியது. மருந்து படாத வைக்கோலைத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் ஒரு கரண்டி குளத்து நீர் விட்டால், முதலில் கலங்கிப் பிறகு தெளியும். அந்தத் தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். முதல் மூன்று, நான்கு நாளுக்கு அதுதான் தீனி. பிறகு, ஆர்ட்டீமியா. லிட்டருக்கு 25 கிராம் உப்பு கலந்த நீரில் காற்றுக் குழாய் போட்டுவிட்டால் ஒரு நாளில் பொரித்துவிடும். பொரித்ததும் ஓட்டை நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். ஓடு குஞ்சின் குடலை அடைக்கும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை கொடுக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினால் அந்த ஈடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி 10 தொட்டி விஷயம். ஒரு ஈட்டில் இருநூறு முட்டை என்றால் இருநூறு மீன் என்று கணக்குப் போடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முட்டையிலிருந்து விற்கும் அளவுக்கு வந்து சேர்வது ஒரு பகுதிதான். அதற்கும் மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை தீனி, மின்சாரம், மழைநீர் எல்லாம் வேண்டும். 10 தொட்டிக்கு வாரா வாரம் மாற்றத் தேவையான மென்னீரைக் கோடையில் எங்கிருந்து கொண்டுவருவது? கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு, ஆர்.ஓ கேன் வாங்கி மீன் வளர்ப்பது நடக்கிற காரியம் இல்லை.

அதைவிட, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடலாம். டி.டி.எஸ் 1,100 தண்ணீரை ராம் வெறுக்கிறது, மோலி விரும்புகிறது. மோலி, கப்பி, பிளாட்டி மூன்றும் குஞ்சாகவே போடும், கடின நீரில் நன்றாக வரும். பெரிய விலை இல்லைதான். ஆனால், வண்ண மீன் கடைகளில் தினமும் விற்பது இவைதான். சிக்லிட்தான் வேண்டும் என்று மனது கேட்டால், மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா, கேமரூன் பகுதி ஓடைகளைச் சேர்ந்த கிரிபென்சிஸ் இருக்கிறது. பெண்ணுக்கு வயிறு செர்ரிப் பழம்போல் சிவக்கும். ராம் அளவுக்குத் தண்ணீரில் அடம் பிடிக்காது. போர் தண்ணீரும் மழைநீரும் பாதிக்குப் பாதி கலந்தால் போதும். இது குகைக்குள் முட்டை வைக்கும் மீன். ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால், உள்ளே கூரையில் முட்டையை ஒட்டிவிடும். குஞ்சு நீந்திய முதல் நாளே ஆர்ட்டீமியாவைத் தின்னும். குஞ்சுக் கூட்டத்தைப் பெண் மீன் கோழியைப்போல மேய்த்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். தண்ணீரை ரொம்ப அமிலமாக்கிவிட்டால் மட்டும் பிறப்பவற்றில் ஆண் அதிகமாகிவிடும். கார அமிலநிலை 7-ஐ ஒட்டி இருப்பது நல்லது.

மாட்டுக் கொட்டகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்ணிக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். சுவரிலும் தரையிலும் படிந்தது எப்போது தொட்டியில் கலக்கும் என்று சொல்ல முடியாது. கொட்டகையைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஸ்பிரேயரையும் மருந்து டப்பாவையும் வேறு இடத்துக்கு மாற்றிய பிறகே ஒரு தொட்டியாவது வைக்கலாம். மருந்து கலக்கிய கையோடு மீனுக்குத் தீனி போடவே கூடாது. கொசுவிரட்டித் திரவத்திலும் இதே குடும்பத்து மருந்துதான் இருக்கிறது.

முதலில் இரண்டு தொட்டி போதும். ஒன்றில் மோலி, ஒன்றில் கிரிபென்சிஸ். ஆறு மாதம் குஞ்சுகளை வளர்த்து, பக்கத்து ஊர்க் கடைகளில் விற்றுப் பார்த்து, வரவு செலவை நோட்டில் எழுதிய பிறகு குழுக் கடனைப் பேசலாம். அப்போதும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை வண்ண மீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் என்று வைத்திருந்தார்கள். இப்போதைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ராம் ஜோடியை விற்க வேண்டியதில்லை. வேண்டாத குஞ்சைக் கிணற்றிலோ குளத்திலோ விடவும் வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கியதும் டிரம்மில் தண்ணீர் பிடித்து, கொசு முட்டையிடாமல் வாயைத் துணியால் கட்டி வைத்தால், கார்த்திகையில் நான்காவது ஈட்டுக்குத் தொட்டி தயாராக இருக்கும்.