வானூர்திக்கு எண்ணெய் எங்கேயிருந்து?

நம்ம வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாங்க. நல்லது. கொச்சி விமான நிலையம் 2015 முதல் சூரிய மின்சாரத்திலேயே இயங்குது, அதையும் பாராட்டுவோம். ஆனால் புகை வருவது கட்டடத்திலிருந்து அல்ல, பறக்கும் விமானத்திலிருந்து.

அதனால் இப்போ மாற்று எரிபொருள் பேச்சு வந்திருக்கு. வெளிநாடு போகும் விமானங்களின் எரிபொருளில் 2027இல் 1 சதவீதம், 2028இல் 2, 2030இல் 5 என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. எதிலிருந்து எடுப்பார்கள்? தாவர எண்ணெய், கரும்பு, மக்காச்சோளம், சமைத்து மிஞ்சிய எண்ணெய் எல்லாமே பட்டியலில் உண்டு. இங்கேதான் எனக்குப் பயம்.

2003க்குப் பிறகு காட்டாமணக்கு அலை அடித்தது நினைவிருக்கா? "தரிசிலும் வரும், தண்ணி வேண்டாம், ஆடு கடிக்காது" என்றார்கள். அப்போ நான் வங்கியில் இருந்தேன். நானும் நம்பிக் கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டேன். செடி சாகவில்லை, நிஜம்தான். ஆனால் தண்ணி இல்லாமல் காய் பிடிக்கலை. செடியைப் பிடுங்கிப் போட்ட பிறகும் கடன் நின்றது. 2018இல் டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எரிபொருள் கலந்து விமானம் பறந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட வரலை.

விமானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணெயை முதலில் அடுப்படியில் தேடுங்க என்கிறேன். தூத்துக்குடியில் ராத்திரி எத்தனை புரோட்டாக் கடை, பஜ்ஜிக் கடை! திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடம்புக்குக் கேடு. அதைச் சேகரிக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லேயே தொடங்கியாச்சு. அந்த எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்ய இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை 2025இல் சர்வதேசச் சான்றும் வாங்கிவிட்டது. நம்ம ஊர்க் கடைகளிலும் ஒழுங்காகச் சேகரிக்கட்டும்.

இந்த எண்ணெய் மட்டும் போதாது, உண்மை. அதனால் பறப்பதும் குறையணும். ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர்.

மக்காச்சோளத் தட்டையைக் 'கழிவு' என்று கேட்டு வருவார்கள். அது கழிவல்ல, மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்கு மூடாக்கு.

நாளைக்கு யாராவது எரிபொருள் பயிர் என்று ஒப்பந்தத்தை நீட்டினால் மூணு கேள்வி கேளுங்க. மழை பொய்த்தால் என்ன விளையும்? என்ன விலைக்கு எடுப்பீங்க? விளையாவிட்டால் கடன் யார் தலையில்? அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை.