ஒரே கண்ணில் இரு பணிகள்



முதுமையில் ஒரே கண்ணைக் கண்புரையும், 'கிளாக்கோமா' எனப்படும் கண் அழுத்த நோயும் சேர்ந்து பற்றுவதுண்டு. அத்தகையோர் சிலருக்கு இரண்டிற்கும் ஒரே வேளையில் அறுவை செய்ய மருத்துவர் முடிவு செய்வார். அதனால் கண்ணில் நேர்வது யாது என்பதை வீட்டார் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வழியே வடிகிறது. அவ்வழி தடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும்; பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலியும். கண்புரையோ, விழிவில்லை மங்கிப்போவது மட்டுமே.

கூட்டு அறுவையில் மருத்துவர் மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார். 1949இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது அது. அத்துடன், மேலிமை மறைக்கும் வெண்விழிப் பகுதியில் சிறு மடல் ஒன்றைத் திறந்து, நீர் வடியப் புதுவழி அமைக்கிறார். நீர் மேற்சவ்வின் அடியில் தேங்கிச் சிறு கொப்புளம்போல் எழும்பி, மெல்ல உறிஞ்சப்படுகிறது.

ஆகவே இவை இரு வேறு பணிகள். முதலாவது, புரை மறைத்திருந்த பார்வையைத் திரும்பத் தருகிறது. இரண்டாவது, எதையும் திரும்பத் தருவதில்லை, எஞ்சியிருப்பதைக் காக்கிறது. நரம்பு இழந்த பார்வை மீளாது.

"புரை எடுத்த என் தம்பிக்கு மறுவாரமே தெளிந்துவிட்டது, எனக்கோ மூன்று வாரமாகியும் மங்கல்தான். டாக்டர் ஏமாற்றிவிட்டாரோ, சாமி?" என்று எம் பங்கின் பெரியவர் ஒருவர் வினவினார். ஏமாற்று ஏதுமில்லை. தையலாலும் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தாலும் இவ்வறுவைக்குப்பின் பார்வை நிலைபெறப் பல வாரங்கள் ஆகலாம். கண்ணாடி எழுதித் தருவதும் அதன் பின்னரே.

இதனினும் பெரிய ஆபத்து, நன்றாகத் தெரிகிறதே என்று மருத்துவரை மறந்துவிடுவது. புதுவழி நாளடைவில் தழும்பேறி அடைபடலாம். அழுத்தம் மீண்டும் ஏறுவது பெரும்பாலும் வலியின்றியே நிகழும். எனவே ஆயுள் முழுவதும் பரிசோதனை தேவை. சிலருக்குச் சொட்டு மருந்தும் தொடரும். கண்ணைக் கசக்கலாகாது. ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அக்கொப்புளத்தின் வழியே கிருமி உட்புகக்கூடும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ நாளை என்று ஒத்திப்போடாது அன்றே மருத்துவரை நாடுங்கள்.

இந்நோய் குடும்பவழி தொடரும் இயல்பும் உடையது. ஆதலின் அப்பெரியவரின் தம்பியும், இருவர்தம் மக்களும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். உங்கள் இல்லத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்குமாயின், மற்றவர்களும் அவ்வாறே செய்வார்களாக.