கையெழுத்துப் போடுமுன் கணக்கைக் கேளுங்கள்!



நான் 37 வயது இல்லத்தரசி. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வீட்டில் வசதிப்படவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வீட்டு வரவு செலவை நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். பால் எத்தனை லிட்டர், கியாஸ் என்றைக்கு வந்தது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எல்லாம் அதில் இருக்கும். மாசக் கடைசியில் இருபது ரூபாய் உதைத்தால்கூட எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட நான்தான் ஊர்ப் பணத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அந்த வெட்கத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2023 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம். 'ஆள் எண்ணிக்கை சேரணும்க்கா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க' என்று மகளிர் குழுவில் இருந்த எங்களையெல்லாம் கூப்பிட்டார்கள். வாசலிலேயே நோட்டை நீட்டினார்கள். போட்டோம். டீயும் வடையும் கொடுத்தார்கள். வரவு செலவு என்று ஒருவர் ரயில் வேகத்தில் எதையோ வாசித்தார். தலைவர் நாற்காலியில் இருந்தது ஒரு பெண்தான். ஆனால் மைக் அவருடைய கணவர் கையில் இருந்தது. அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது.

அப்போது என் மகள் ஊரிலுள்ள ஒன்றியப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தாள். காலையில் நான் நிரப்பித் தரும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். ஒருநாள் கோபத்தில், 'ஏன்டி குடிக்கல?' என்று அதட்டினேன். 'குடிச்சா பாத்ரூம் போகணுமேம்மா. அங்க கதவே இல்ல' என்றாள். பெற்ற வயிறு எப்படி இருந்திருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தலைமை ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு, 'ஏற்கெனவே ரிப்பேர் பண்ணிட்டதா ஊராட்சிக் கணக்குல இருக்காம். மறுபடி கேட்டா எப்படிம்மா தருவாங்க?' என்றார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால், 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் குழுவில் படித்த பெண் ஒருத்தி எழுதிக் கொடுத்தாள். அக்டோபரில் நகல்கள் வந்தன. பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு, குழாய், தொட்டி என்று ஒரு லட்சத்துக்கு மேல் செலவு எழுதியிருந்தார்கள். அந்தச் செலவைக் கிராம சபை ஏற்றுக்கொண்டதாக ஆகஸ்ட் 15 தீர்மானம். அதன் கீழே வரிசையாகக் கையெழுத்துகள். பதினாலாவது கையெழுத்து என்னுடையது!

என் கணவர், 'ஊர்ப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு?' என்றார். 'நம்ம பொண்ணு நாள் முழுக்க நாக்கு வறண்டு கிடக்கிறது மட்டும் நமக்கு நல்லாவா இருக்கு?' என்றேன். அவர் பேசவில்லை.

நவம்பர் 1 கூட்டத்துக்கு ஒன்பது பெண்கள் சேர்ந்து போனோம். நகலைக் காட்டி, 'பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். எல்லாரும் நடந்து போய் அந்தக் கதவைப் பார்த்துட்டு வந்துடலாம்' என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. 'அரசியல் பண்ணாதீங்க' என்றது ஒரு குரல். கடைசியில் 'வேலை கொஞ்சம் பாக்கி இருக்கு' என்று இறங்கி வந்தார்கள். பொங்கலுக்கு முன்னால் கதவு வந்தது, குழாயும் வந்தது. முதலில் எழுதிய பணத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மனசாட்சியோடு வேலை பார்க்கும் தலைவர்களும் எழுத்தர்களும் இருக்கிறார்கள். கணக்குக் கேட்டால் அவர்களுக்கு நல்ல பெயர்தானே கிடைக்கும்? ராஜஸ்தானில் கிராமத்துப் பெண்கள் 1990-களில் இதற்காகவே தெருவுக்கு வந்தார்கள். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கு விதை போட்டதே அப்படிப்பட்ட போராட்டங்கள்தான். அவர்களில் அதிகம் படிக்காத ஒரு பெண், பையனைப் பத்து ரூபாயோடு கடைக்கு அனுப்பினால் கணக்குக் கேட்கிறோமே, நம் பெயரில் செலவழிக்கும் சர்க்காரிடம் ஏன் கேட்கக் கூடாது என்ற அர்த்தத்தில் சொன்னாராம். இதைவிட எளிமையாக யார் சொல்ல முடியும்?

நம் ஊராட்சிச் சட்டம் 1994-ல் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இடத்தை 2016-ல் பாதியாக்கினார்கள். நாற்காலியில் பாதி கிடைத்தும் கணக்கு நோட்டை ஆண்கள் கையிலேயே விட்டுவிட்டால் என்ன பிரயோஜனம்? 2016 முதல் 2019 வரை மூன்று வருஷம் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லாமல் ஊராட்சிகள் நடந்தன. 2025 ஜனவரியிலும் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் இருந்தாலாவது ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது கேட்கலாம். அதிகாரியிடம் கேட்க நமக்கு இருக்கும் இடம் கிராம சபைதான்.

ஆகவே சகோதரிகளே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் துணைக்கு நாலு பேரோடு போங்கள். வரவு செலவை நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய தீர்மானத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நடந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதவு போட்ட அந்த வாரம், என் மகள் முதல்முறையாகக் காலி பாட்டிலோடு வீட்டுக்கு வந்தாள். என் கணக்கு நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே அதையும் வரவாக எழுதி வைத்தேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்.